பாலைதீவிலிருந்து அரை வேகத்தில்

இவருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தபோது யாழ்ப்பாணம் போனோம். இவர் என்றால் என் வீட்டுக்காரர் சேவியர். தூத்துக்குடியில் முப்பது வருஷமாகத் தண்ணீர்ப் பம்பு ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். இவருடைய தங்கை ரெஜினா குருநகரில் வாழ்க்கைப்பட்டவள். யுத்த காலத்தில் எங்கள் ஊரில் வந்து தங்கியிருந்த மீனவக் குடும்பத்துப் பையனைக் கட்டிக்கொண்டு, சண்டை ஓய்ந்ததும் அவர்களோடு போய்விட்டாள். அவள் மகளுக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் விழா. தாய்மாமன் வராமல் எப்படி என்று போனில் அழுதாள். பிள்ளைக்கு வெள்ளைக் கவுனும் தலைக்குப் பூமுடியும் நாங்கள் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

புறப்படும் முன் டாக்டர் கறாராகச் சொன்னார். கனம் தூக்கக் கூடாது. மாத்திரை தவறக் கூடாது. நெஞ்சிலோ இடது கையிலோ ஏதாவது தெரிந்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. எல்லாவற்றுக்கும் இவர் தலையாட்டினார். இவர் தலையாட்டுவதற்கும் கேட்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதனால் பயணம் முழுவதும் நான் ஊர் பார்த்ததைவிட இவர் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

முதல் நாள் மத்தியானம் குருநகர் போய்ச் சேர்ந்தோம். ஆட்டோவை அங்கே ‘ஓட்டோ’ என்கிறார்கள். ஓட்டோக்காரர் பெட்டியை இறக்குவதற்குள் இவரே தூக்கிவிட்டார். நான் போட்ட சத்தத்தில் தெருவில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரெஜினா ஓடி வந்தாள். பதினான்கு வருஷத்தில் அவள் பேச்சு முழுக்க மாறிவிட்டது. “அண்ணி, ஏன் வெயிலுக்கை நிக்கிறியள்? உள்ளை வாங்கோ, இருங்கோ,” என்றாள். தூத்துக்குடியில் என்னை “வா, போ” என்று பேசியவள் இவள்தானா என்று இருந்தது.

அன்று இரவுச் சாப்பாடு ஒடியல் கூழ். எங்கள் பக்கம் கூழ் என்றால் கம்பும் கேழ்வரகும்தான். இங்கே பனங்கிழங்கு மாவில் நண்டு, இறால், மீன்தலை, பயற்றங்காய் எல்லாம் போட்டு, செத்தல் என்கிற காய்ந்த மிளகாயை அரைத்து விட்டுக் காய்ச்சுகிறார்கள். பலா இலையைக் கோலி அதில் ஊற்றிக் குடிக்க வேண்டும். எனக்கு முதல் வாயிலேயே கண்ணில் தண்ணீர் வந்தது. இவர் ஏழு இலை குடித்தார். நான் எண்ணினேன். படுக்கும்போது நெஞ்சைத் தடவினார். என்னவென்று கேட்டேன். “கேஸ்,” என்றார். ஸ்டென்ட் வைத்ததற்கு முந்தின வாரம் முழுவதும் இவர் சொன்ன சொல் அது.

மறுநாள் ரெஜினா சுன்னாகம் சந்தைக்கு அனுப்பினாள். விருந்துக்குக் காய்கறியும் வெங்காயமும் வேண்டுமாம். வெங்காயம் வாங்க ஏன் இத்தனை தூரம் என்று கேட்டதற்கு, சுன்னாகத்து வெங்காயத்தைப் பார்த்துவிட்டு வந்து கதையுங்கோ என்றாள். பார்த்தேன். பிடி பிடியாகத் தாளோடு கட்டி, மண் உதிராமல், ரத்தச் சிவப்பில் குவித்திருந்தார்கள். எங்கள் ஊர்ச் சந்தையில் இந்த வெங்காயம் வந்தால் அடிதடி நடக்கும்.

திரும்பும்போது பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. டிரைவர் இரண்டு மூன்று தடவை முயன்று பார்த்தார். கண்டக்டர் எழுந்து, “ஆம்பிளையள் எல்லாரும் இறங்கி ஒருக்காத் தள்ளிவிடுங்கோ,” என்றார். நான் இவர் கையைப் பிடிப்பதற்குள் இவர் படியில் இருந்தார். எனக்கு முன் இருக்கையில் ஒரு சிங்களக் குடும்பம். கண்டியிலிருந்து கோயில் பார்க்க வந்தவர்கள் போலிருந்தது. அதில் வயதான அம்மா ஒருத்தி ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்துவிட்டுக் கண்டக்டரிடம் படபடவென்று என்னவோ சொன்னாள். கண்டக்டர் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: “உங்கடை ஐயா தள்ள வேண்டாமாம். முகம் வெளிறிப் போச்சாம். தன்ரை மனுசனும் இப்பிடித்தான் ஒருநாள் வெளிறினவராம்.”

அவள் கணவர் அந்தக் குடும்பத்தில் எங்காவது இருக்கிறாரா என்று தேடினேன். இல்லை. நான் இறங்கி ஓடினேன். அதற்குள் பஸ் எஞ்சின் பிடித்துவிட்டது. இவர் கையைத் தட்டிக்கொண்டு, ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது என்று எனக்கு விளக்கினார். நெற்றியெல்லாம் வேர்வை. வெயிலில் யாருக்குத்தான் வேர்க்காது என்று கேட்டார். அந்தச் சிங்கள அம்மா இறங்கும்வரை இவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள்தான் கடல்.

அது ரெஜினா செய்த வேலை. அண்ணன் ஆபரேஷன் அறைக்குள் போன அன்று, அவள் இங்கிருந்தே பாலைதீவு அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறாள். அண்ணன் பிழைத்தால் அவரையே அழைத்துவந்து மெழுகுதிரி கொளுத்தவைப்பதாக. பாலைதீவு ஆள் குடியிருக்காத தீவு. கோயில் ஒன்று உண்டு. திருநாள் சமயத்தில் குருநகர்க்காரர்கள் படகு படகாகப் போவார்கள். மற்ற நாளில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் ஒதுங்கினால்தான் உண்டு. எனக்கு நீச்சல் தெரியாது. கடற்கரை ஊரில் பிறந்தவள் கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. ஆனால் இவர் உயிருக்காக நேர்ந்த நேர்ச்சையை வேண்டாம் என்று சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை. எந்தப் பயம் பெரியது என்று பார்த்து, சின்னப் பயத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

ரெஜினாவின் கணவர் கப்பல் வேலையில் இருக்கிறார். மகளின் விழாவுக்குக்கூட வர முடியவில்லை. அவர் தம்பி அன்ரன்தான் எங்களைக் கொண்டுபோனார். நாற்பது வயது, கறுத்த, சிரித்த முகம். ஃபைபர் படகு. பின்னால் மாட்டியிருந்த எஞ்சின் பழையதுதான் என்றாலும் அவருக்குப் புதிது, வாங்கி ஒரு மாதம்தான். அதன் முகப்பில், ஓட்டுகிறவர் பார்க்கும் பக்கம், அந்தோனியார் படம் போட்ட வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சுவாமியார் வந்து எஞ்சினுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்த அன்று ஒட்டியதாம்.

“காலமை வெளிக்கிட்டாப் பின்னேரத்துக்குள்ளை வந்திடலாம், அக்கா. பயப்பிடாதேங்கோ,” என்றார். பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே தொடங்கும்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது. வெள்ளை வெள்ளையாகப் புகை வந்தது. “புகை ஜாஸ்தியா இருக்கே தம்பி?” என்றார் இவர். “உது அப்பிடித்தான் அண்ணை, வாங்கின நாளிலை இருந்து,” என்றார் அன்ரன். தீவில் இறங்கி மெழுகுதிரி கொளுத்தினோம். காற்றில் மூன்று முறை அணைந்தது. ரெஜினா கட்டிக்கொடுத்த பாணும் இடிச்ச சம்பலும் சாப்பிட்டோம். பாண் என்பது நம் ஊர் பிரெட்தான், ஆனால் கையால் பிய்த்துத் தின்னும் முரட்டு ரொட்டி; சம்பல் தேங்காய்த் துவையல். இவர் மணலில் சாய்ந்து கொஞ்சம் தூங்கினார். நான் தூங்கவில்லை. மூச்சு வருகிறதா என்று சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றரை மணிக்குத் திரும்பினோம். கால் மணி நேரம் ஓடியிருக்கும். யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல் எஞ்சின் அடங்கியது. நிற்கவில்லை. டக டக என்று மெதுவாக ஓடியது. அன்ரன் கைப்பிடியை முழுசாக முறுக்கினார். சத்தம் கொஞ்சமும் கூடவில்லை. படகின் மூக்கு இறங்கிவிட்டது.

“இவ்வளவு நேரமும் குதிரை மாதிரி ஓடினது,” என்றார்.

வடகிழக்கில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று நேர் முகத்தில். வாடை பிடிக்கப் போகிறது என்று அன்ரன் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. தூரத்தில் வலைக்காக நட்டிருந்த தடிகள் தெரிந்தன. அதில் ஒரு தடியையும் பின்னால் தீவின் ஒரு மரத்தையும் குறித்துக்கொண்டு, வாட்சைப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் அந்தத் தடி ஏறக்குறைய அதே இடத்தில் இருந்தது. கணக்கு டீச்சருக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. காற்று இன்னும் கொஞ்சம் கூடினால் நாங்கள் பின்னோக்கிப் போவோம். பின்னால் தீவு, அதற்கப்பால் திறந்த கடல், அதற்கும் அப்பால் ராமேஸ்வரம். பாஸ்போர்ட் ரெஜினா வீட்டு அலமாரியில். எங்கள் ஊர்க்காரர்களே எங்களைக் கள்ளப் படகு என்று பிடிப்பார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. சிரிப்பு வரவில்லை.

“தீவுக்கே திரும்பிடலாமே?” என்று கேட்டேன்.

“ஏலாது அக்கா. கரைக்குப் போற வாய்க்காலுக்கு ரெண்டு பக்கமும் கல்லு. இந்தக் காத்திலை இந்த வேகத்திலை போனாத் தூக்கிக் கல்லிலை ஏத்திப்போடும்.”

இவர் எழுந்து பின்பக்கம் போனார். பழுதான இயந்திரத்தைக் கண்டால் இவருக்குப் பத்து வயது குறைந்துவிடும். பெட்ரோல் டாங்கின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா பார்த்தார். திறந்திருந்தது. குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பந்தை அமுக்கிப் பார்த்தார். கல்போல் இறுகி இருந்தது, பெட்ரோல் ஒழுங்காக வருகிறது. அன்ரன் எஞ்சினை நியூட்ரலில் போட்டுத் தூக்கிக் காட்டினார். விசிறியில் சாதாளை சுற்றியிருந்தது, அதாவது கடல் புல். கை நிறையப் பிடுங்கி எறிந்தார்கள். இறக்கி முறுக்கினால் அதே டக டக. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பக்கவாட்டில் ஒழுங்காகப் பீச்சியது. இவர் அதில் விரலை நீட்டிப் பார்த்தார். “சூடு இல்ல. தண்ணிப் பம்பு நல்லாருக்கு,” என்றார் தொழில்காரர் பெருமையோடு. எனக்கு அந்தப் பெருமை வேண்டாம். எனக்குக் கரை வேண்டும். குனிந்து நிமிர்ந்ததில் இவர் மூச்சு வாங்கியது எஞ்சின் சத்தத்திலும் எனக்குக் கேட்டது.

“உக்காருங்க,” என்றேன்.

“ஒரு நிமிஷம்.”

அலை படகின் விளிம்பில் அடித்து என் மடியில் விழுந்தது. நான் ஜெபிக்கத் தொடங்கினேன். கண்ணை மூடினால் குமட்டியது. அதனால் எஞ்சினில் இருந்த அந்தோனியார் ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டு ஜெபித்தேன். மேகம் மூடி இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது அந்தோனியாரின் மார்பு சிவந்தது.

கண் கூசுகிறது என்று நினைத்தேன். துடைத்துவிட்டுப் பார்த்தேன். அவர் அங்கியின் நடுவில், குழந்தை இயேசுவை ஏந்தியிருக்கும் இடத்தில், உள்ளிருந்து சிவப்பு. இவரை அழைத்துக்கொள்ளப் போகிறார், அதைத்தான் எனக்குக் காட்டுகிறார் என்று நிச்சயமாக நம்பினேன். படத்தை நோக்கிக் கையை நீட்டினேன்.

இவர் திரும்பிப் பார்த்தார். ஸ்டிக்கரை இரண்டு கையாலும் மறைத்து இருட்டாக்கி, உள்ளே எட்டிப் பார்த்தார். “தம்பி, இதுக்குப் பின்னால லைட்டு எரியுது.”

“லைட்டோ? ஒட்டேக்கை லைட் ஒண்டும் எரியேல்லை அண்ணை. ஒரு சின்னக் கண்ணாடிப் பொட்டுத்தான் இருந்தது. படத்துக்கு அளவான இடமா இருந்தது.”

இவர் நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பினார். அன்ரன் பதறி அவர் கையைப் பிடித்தார். “வேண்டாம் அண்ணை! மந்திரிச்ச படம். நடுக்கடலிலை நிண்டு அதைக் கிழிக்கிறதோ?”

“கிழிக்கல. எடுத்துப் பக்கத்துல ஒட்டுறேன்.”

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கும் அன்ரன் பக்கம்தான் மனசு. ஆனால் தடி இன்னும் அதே இடத்தில்தான் இருந்தது. “எடுக்கட்டும் அன்ரன். பாவம் என் தலையில வரட்டும்,” என்றேன். அவர் கையை விட்டார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

இவர் படத்தை உரித்ததும் பின்னால் சிவப்பு விளக்கு கண் திறந்து பார்த்தது. அது எரிந்தால் கூடவே அலாரம் அடிக்க வேண்டுமாம். முன்பு எஞ்சினை வைத்திருந்த யாரோ அந்த வயரை வெட்டியிருந்தார்கள்.

“சூடாகல. அப்ப எண்ணெய்தான்,” என்றார் இவர். “எண்ணெய் டாங்கி எங்க?”

“எண்ணெய்க்கு எனத்துக்கு டாங்கி? நான் கையாலை அளந்து பெற்றோலுக்கை கலக்கிறனான். எங்கடை அப்பர் கலந்தவர், நானும் கலக்கிறன். மெசினை நம்பி எண்ணெயை விடேலுமே?”

இவர் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே வெள்ளை டாங்கி ஒன்று இருந்தது, அடியில் ஒரு விரல்கூட எண்ணெய் இல்லை. இந்த எஞ்சின் தானே எண்ணெயை எடுத்துக் கலந்துகொள்ளும். அன்ரன் அதற்கு மேலும் கையால் கலந்துவந்திருக்கிறார். ஒரு மாதமாக வந்த புகை அதுதான். விற்றவர் ஊற்றியிருந்த எண்ணெய் இன்றைக்குத் தீர்ந்தது. எண்ணெய் இல்லை, ஓட்டினால் எரிந்துபோவேன் என்று எஞ்சின் தானே வேகத்தைக் கட்டிக்கொண்டது. பெட்ரோலில் கலந்திருப்பது அதற்குத் தெரியாது.

“எத்தனை நேரமா எரியுதோ இது! மூடி வச்சுட்டு எஞ்சினைக் குத்தம் சொல்றியே தம்பி,” என்று இவர் கத்தினார். நான் இவர் இப்படிக் கோபப்பட்டுப் பார்த்ததில்லை. அன்ரன் கலப்பதற்கு வைத்திருந்த எண்ணெய்ப் போத்தலை எடுத்து அந்த டாங்கியில் கவிழ்த்தார். முக்கால் போத்தல் இருந்தது. விளக்கு அணையவில்லை. வேகமும் வரவில்லை.

“நிறுத்தித்தான் திரும்ப ஸ்டார்ட் பண்ணணும். அப்பதான் பழசை மறக்கும்,” என்றார் இவர்.

அன்ரன் முதல் முறையாகப் பயந்ததை அப்போது பார்த்தேன். “நிப்பாட்டினாப் பிறகு ஸ்டார்ட் வராட்டில் என்ன செய்யிறது? இப்ப ஊர்ந்தெண்டாலும் போறம்.”

அவர் சொன்னதும் நியாயம்தான். மூன்று பேரும் அந்த டக டக சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். இத்தனை நேரம் எனக்கு எரிச்சலாக இருந்த சத்தம், நிற்கப்போகிறது என்றதும் அது ஒன்றுதான் எங்களைத் தாங்குவதாகத் தெரிந்தது. அன்ரன் ‘மாதாவே’ என்று சொல்லி நிறுத்தினார். காற்றும் அலையும் மட்டும் கேட்டன. படகு உடனே பக்கவாட்டில் திரும்பி ஆடத் தொடங்கியது.

கயிற்றை இழுத்தார். வரவில்லை. மறுபடி. வரவில்லை. எட்டு தடவை இழுத்திருப்பார். உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. “தள்ளு, நான் இழுக்கிறேன்,” என்று இவர் எழுந்தார்.

நான் என்ன செய்தேன் என்பதை இன்றும் நம்ப முடியவில்லை. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். “கயித்தைத் தொட்டீங்கன்னா நான் குதிச்சிருவேன்,” என்றேன். நீச்சல் தெரியாதவள் சொல்லும் மிரட்டல் அது. இவர் என்னைப் பார்த்தார். பிறகு மெல்லக் கீழே உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் நான் சொல்லி இவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அது எனக்குக் கடலைவிடப் பயமாக இருந்தது.

என் முந்தானையை அன்ரன் கையில் சுற்றிவிட்டேன். கயிற்றை அவரோடு சேர்ந்து நானும் பிடித்தேன். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் இருமிக்கொண்டு பிடித்தது. விளக்கு ஒரு தடவை மினுங்கி அணைந்தது. அன்ரன் கைப்பிடியை முறுக்கினார். படகின் மூக்கு எழுந்தது. நான் அப்படியே படகின் அடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அன்ரன் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறு கையால் அந்தோனியாரை எஞ்சினின் மேல்மூடியில் அழுத்தி ஒட்டினார்.

இருட்டுவதற்குள் கரை வந்துவிட்டோம். இவர் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. எஞ்சினைப் பற்றிக்கூடப் பேசவில்லை. இரவு அரை இடியாப்பம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

மறுநாள் காலை முதல் நன்மைப் பூசை. பிள்ளை வெள்ளைக் கவுனில் கண்ணாடி முன்னால் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தோள் மட்டும் கொஞ்சம் பெரிது. ரெஜினா ஊசியோடு ஓடிக்கொண்டிருந்தாள். இவர் வெள்ளை வேட்டி சட்டையில், தலை வாரி, தயாராக இருந்தார். ஓட்டோ வந்தது. எல்லோரும் முன்னால் நடந்து கோயிலுக்குப் போக, நாங்கள் இருவரும் ஏறினோம். ஓட்டோக்காரர் கோயில் பக்கம் திருப்பினார்.

“தம்பி, கோயிலுக்கு வேண்டாம்,” என்றார் இவர். “பெரியாஸ்பத்திரிக்கு விடுங்க.”

இவர் என் கையை எடுத்துத் தன் இடது தோளில் வைத்துக்கொண்டார். தோள் நனைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்து, நடக்கவைத்துத்தான் அனுப்பினார்கள். பிள்ளை அந்த வெள்ளைக் கவுனோடேயே சாயந்திரம் வந்து மாமனைப் பார்த்துவிட்டுப் போனாள். ஆனால் அந்த முதல் கால் மணி நேரத்தைத்தான் சொல்ல வேண்டும். இவரைப் படுக்கவைத்து, நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். என் மகள் வயது டாக்டர் பெண் ஒருத்தி காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டாள்: “எப்ப துவங்கின நெஞ்சு நோ ஐயா? நேற்றோ?”

“இல்ல.”

“பஸ் தள்ளுன அன்னைக்கா?” என்று நான் கேட்டேன்.

இவர் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“கிளம்புறதுக்கு முந்தியே,” என்றார். “ஊர்லயே. பத்து நாளா இருக்கு. சொன்னா நீ வர விடமாட்ட, ரெஜினா காத்துக்கிட்டிருப்பா.”

நான் மூன்று நாளாகப் பட்ட பயம் போதவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.